மலரின் வளவுக்குள் இறங்கியவன்

மாரி தொடங்கின கிழமை எங்கள் கண்ணாப்பிட்டிக்கு மேலே விழத் தொடங்கின அந்த விமானப்படைக்காரன், தை போய், பங்குனி வெயில் ஏறி, பனங்காய் பழுத்துத் தொப்புத் தொப்பென்று விழுகிற காலம் வந்த பிறகும் விழுந்து முடியவில்லை. மனிதர் விழுந்தால் கெதியாக விழுவார்கள், எங்கள் ஊரில் விழுந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் விழுந்தார்கள், விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். இவன் ஒருத்தன்தான் வெள்ளைக் குடையை விரித்துப் பிடித்தபடி, உயரத்தில் நின்றபோது நாளுக்கு ஒரு பனை உயரம், கீழே வர வர நாளுக்கு ஒரு சாண், மழை பெய்தால் அதுவும் இல்லை என்று ஆறுதலாக இறங்கிக்கொண்டிருந்தான். ஏனென்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாதருக்கும் தெரியாது, இயக்கத்துப் பெடியளுக்கும் தெரியாது, தெரியும் என்று சொல்லித் திரிந்த இராசநாயகம் மாஸ்ரருக்கும் தெரியாது.

அவன் விழத் தொடங்கினது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைச் சனிக்கிழமை தோய்த்து நீலம் போட்டுக் கொடியில் விரித்தால்தான் திங்கட்கிழமைக்கு ஆகும், அதற்காகக் குண்டு போட வருகிற பொம்மர்காரன் வேறு நாள் பார்த்து வரப்போகிறானா. பொம்மர் இரைகிற சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் முதல் வேலை மண்ணுக்குள் வெட்டின பங்கருக்குள் ஓடுவது இல்லை, கொடியில் கிடக்கிற வெள்ளையை உருவுவது. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு வெள்ளைதான் கண்ணில் குத்தும், ஒரு வேட்டி கிடந்தாலும் இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று கண்டுவிடுவான் என்று ஊரே நம்பியது. என் பக்கத்து வளவு மலர், முழுப்பேர் புனிதமலர், மனிசன் கடலுக்குப் போய் வராமல் விட்டு நெடுங்காலம், ஒரே பிள்ளையோடு இருந்தவள், பங்கர் வாசலில் நின்றுகொண்டு "ஜெசிந்தா, ஓடிப்போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு வாடி" என்று கத்தினதை நான் என் பங்கருக்குள் இருந்து கேட்டேன். பங்கருக்கும் கொடிக்கும் இடையில் என்ன தூரம், ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்க முதல் போய்விட்டு வரலாம். மலர் அதை மூன்றுதரம் சொல்லி முடித்தாள். பிறகு குண்டு விழுந்தது.

குண்டைப் போட்டுவிட்டு எழும்பின பொம்மரைக் கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த பெடியள் அடித்தார்கள், அது புகைத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் விழுந்தது, அதிலிருந்து ஒருத்தன் வெளியே வந்து குடையை விரித்தான். நாங்கள் அவனைப் பார்க்கவில்லை. எங்களுக்கு அப்போது ஓலைப்பாயும் வெள்ளைச் சீலையும் தேவைப்பட்டது. ஜெசிந்தாவைக் கொண்டுபோய்ச் சேமக்காலையில் வைத்து, பாதர் மண் போட்டு, எல்லாரும் மண் போட்டு, கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் யாரோ ஒரு பொம்பிளை மேலே பார்த்து, பஸ் இன்னும் வரவில்லையே என்கிற குரலில், "உவன் இன்னும் விழேல்லை" என்றாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் கிழமை எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோவுக்கு எண்ணெய் பூசினார்கள், இரண்டாம் கிழமை பார்ப்பதை விட்டுவிட்டார்கள். மாஸ்ரர், அதாவது எங்கள் பிரசைகள் குழுத் தலைவர், ஒரு தடியை நட்டு நிழலை அளந்து அவன் நேரே மலரின் வளவுக்குள்தான், குண்டு விழுந்து பள்ளமாகின அதே கிடங்குக்குள்தான் இறங்குவான் என்று அறிவித்தார். பெடியளின் பொறுப்பாளன் செழியன், மீசை வடிவாக முளைக்காத பிள்ளை, ஒரு காவலாளியைக் கயிற்றோடு கொண்டுவந்து மலரின் மாமரத்தின் கீழ் இருத்தினான். பாதர் ஞாயிறு பூசையில் "மேலே தொங்கிக்கொண்டிருக்கிறவருக்காகவும்" என்று தொடங்க, பாதிப் பொம்பிளையள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள், மற்றப் பாதி இருந்து செபித்தார்கள், இரண்டு பகுதியும் ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அரசாங்கத்து ரேடியோவோ, தங்கள் விமானம் ஒன்றும் விழவில்லை, தங்கள் ஆட்கள் ஒருவரும் குறையவில்லை என்று தினமும் இரண்டு வேளை சொன்னது. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து அவனைப் பார்ப்போம். பாவம் என்றுகூட எனக்கு ஒருதரம் தோன்றினது, உடனே போய்விட்டது.

மலர் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிடங்கின் விளிம்பில் ஒரு உரலைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து பார்த்தாள், தேங்காய் துருவினபடி பார்த்தாள், சீப்பால் தலை இழுத்தபடி பார்த்தாள். செழியன் வந்து, "அக்கா, உவர் வந்து நிலத்தில கால் வைச்ச உடன எங்கட கைதி. நீங்கள் ஏதும் செய்துபோடக்கூடாது" என்றான்.

"நான் என்னடா செய்யப்போறன்? வெட்டப்போறனா?"

"இல்லை அக்கா, சனம் கதைக்குது..."

"என்ர பிள்ளையைக் கடைசியாக் கண்டது நான் இல்லை, உவன்தான். நான் பங்கருக்குள்ள தலையைக் குனிஞ்சுகொண்டிருந்தனான். கொடியடியில அவ்வளவு நேரமும் அவள் என்ன செய்துகொண்டு நிண்டவள்? அதை உவன் எனக்குச் சொல்லோணும். சொன்னாப் பிறகு நீ கொண்டுபோய் உன்ர இயக்கத்தில என்னவும் செய்."

செழியனுக்கு அதற்குச் சட்டம் தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

இதற்கிடையில் ஒரு புதினம் நடந்தது. மார்கழியில் பொம்மர் திரும்ப வந்தது. நாங்கள் பங்கருக்குள் கிடந்து காதைப் பொத்தினோம். அது எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்தது, அவனைச் சுற்றி வந்தது, ஒன்றும் போடாமல் போய்ப் பக்கத்து ஊருக்குப் போட்டது. அடுத்த கிழமையும் அப்படியே. தங்கள் ஆள் தொங்குகிற ஊருக்கு அவர்கள் குண்டு போடமாட்டார்கள் என்று விளங்கிக்கொள்ள எங்கள் சனத்துக்கு இரண்டு வரவு காணும். தைப்பொங்கலுக்கு முதலே பக்கத்து ஊர்ச் சனம் மூட்டையும் முடிச்சும் கோழிக்கூடும் கிழடுகட்டையுமாக வந்து இறங்கிவிட்டது. தேவாலயம் நிறைந்து, பள்ளிக்கூடம் நிறைந்து, என் விறாந்தையில் இரண்டு குடும்பம், என் மாட்டுக்கொட்டிலில் ஒரு குடும்பம். பிறகு வெறுங்காணியெல்லாம் கிடுகுக் கொட்டில். மத்தியானத்தில் குடையின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து பாய் போட்டு வளர்த்தினார்கள், அந்த நிழலுக்குள் படுத்த பிள்ளை திடுக்கிட்டு எழும்பாது என்று ஒரு கதை எப்படியோ கிளம்பிவிட்டது. அவனுக்கு நேரே கீழே இருக்கிற இடத்துக்குப் பொம்பிளையள் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். நான் போய் விலக்குப் பிடித்தேன், என் தலைமயிரையும் இழுத்தார்கள்.

எல்லாரும் முதலில் கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நாளும் அவன் ஒன்றுக்கு இரண்டுக்கு என்ன செய்தான்? தொங்குகிறவன் என்ன செய்வானோ அதைச் செய்தான். மலரின் மாமரம் அந்த வருஷம் காய்த்த மாதிரி ஒருநாளும் காய்த்ததில்லை. ஊர்ச்சனம் ஒருத்தரும் அந்த மாங்காயைத் தொடவில்லை, வந்த சனம் தின்றது, பசி அப்படி.

தென்னை உயரத்துக்கு வந்தபோது அவன் முதல்தரம் வாய் திறந்தான். தண்ணீர் என்று இங்கிலீசில் கேட்டான். அந்த ஒரு சொல்லு எங்கள் ஊரில் ஆடு மாட்டுக்கும் விளங்கும், ஆனால் ஒருத்தரும் அசையவில்லை. மலர் உரலில் இருந்து எழும்பவில்லை. நான் என் வேலையைப் பார்க்கப் போனேன். கடைசியில் மாஸ்ரர்தான் ஓடிவந்தார். "விசர் சனங்களே, உவன் செத்தானெண்டா என்ன நடக்கும்? பிணத்துக்காக ஆராவது குண்டை நிப்பாட்டி வைப்பானா?" அதற்குப் பிறகு இரண்டு கொக்கத்தடியைச் சேர்த்துக் கட்டி, முருங்கைக்காய் பிடுங்குகிற அதே கொக்கையில் தண்ணீர்ப் போத்தலைக் கொழுவி மேலே அனுப்பினார்கள். பிறகு பிட்டு. பிறகு முறை வைத்து வீட்டுக்கு ஒரு நாள். எங்கள் வீட்டு முறை வந்த அன்று நான் சம்பலுக்கு உப்புப் போடாமல் விட்டேன், மறதியில் இல்லை.

அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவனுடைய பாஷை தெரியாது. ஊரில் கொன்வென்ரில் படித்து இங்கிலீசு கதைக்கிறவள் நான் ஒருத்தி, சிஸ்டர்மார் பிரம்பால் ஏற்றின பாஷை, முப்பது வருஷமாகச் சமையலறையில் அதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. மலர் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அடுப்பில் சோறு கொதிக்கிறது என்று சொன்னேன், அடுப்பை அவளே தண்ணீர் தெளித்து நூர்த்தாள்.

பேர் நிலந்த என்றான். வயது இருபத்தாறு. தகப்பன் மலைநாட்டுப் பக்கம் ஸ்டேசன் மாஸ்ரராம். என்னை 'ஆன்ரி' என்றான்.

"ஆன்ரி என்று கூப்பிடாதே" என்றேன். "இந்த அம்மா கேட்பதற்குப் பதில் சொல்லு."

"கேளுங்கோ ஸ்ரெல்லா அக்கா" என்றாள் மலர். சந்தையில் மீன் என்ன விலை என்று கேட்கிற குரல். "கொடியடியில ஒரு பிள்ளை நிண்டது. பாவாடை பச்சை, மேல்சட்டை மஞ்சள். அது என்ன செய்துகொண்டு நிண்டது எண்டு கேளுங்கோ."

கேட்டேன். அவன் மலரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான். "மேலிருந்து மனிதர்கள் தெரிவதில்லை, மேடம். வீடுகளே தீப்பெட்டி அளவுதான். வேகம் அப்படி. எங்களுக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியில் கோடுகள் தெரியும், அவ்வளவுதான்."

"வெள்ளையாக ஏதும்? ஒரு சட்டை?" என்று நானாகவே கேட்டேன்.

"நிறம் ஒன்றும் தெரியாது."

சொன்னேன். மலர் அவனுடைய சப்பாத்தின் அடியைப் பார்த்தாள். "பொய்" என்றாள். "நாளைக்குக் கேப்பம்."

ஊர் அவனை நம்பியது. எங்களில் ஒருத்தி சொல்வதை நம்ப வேண்டிய இடத்தில், குண்டு போட்டவன் சொன்னதை நம்பியது. நிறம் தெரியாதாம், வெள்ளை தெரியாதாம், இவ்வளவு காலமும் வீணாகப் பயந்தோம் என்று, வருஷக்கணக்காகத் தேயிலைச் சாயத்தில் தோய்த்த சேட்டும் மண் நிறச் சீலையுமாகத் திரிந்த சனம் பெட்டியைத் திறந்து வெள்ளையை வெளியே எடுத்தது. வேட்டி, பள்ளிக்கூடச் சட்டை, பிள்ளைகள் தேவாலயத்தில் முதல்நன்மை எடுத்த உடுப்பு, நேர்ஸ் பிள்ளையின் உடுப்பு என்று ஒவ்வொரு வளவிலும் கொடி நிறைய வெள்ளை ஆடியது. கலியாணம் இரண்டு நடந்தது. பள்ளிக்கூடம் மாமரத்தின் கீழ் தொடங்கியது. மலரின் கொடி மட்டும் வெறுமையாகக் கிடந்தது, அறுந்த தலைப்பு நிலத்தில்.

அவள் தினமும் கேட்டாள், நான் தினமும் இங்கிலீசாக்கினேன், அவன் தினமும் தெரியாது என்றான். ஒருநாள், "அவருடைய இழப்புக்காக நான் வருந்துகிறேன் என்று சொல்லுங்கள்" என்றான். நான் சொல்லவில்லை. அவள் கேட்டது அது இல்லை. இன்னொரு நாள் எனக்குப் பொறுமை போய், "மலர், இவனுக்கு உண்மையாத் தெரியாதோ என்னவோ, என்ர இடுப்பு விட்டுப்போச்சு, விடு" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்கட பிள்ளையள் கனடாவில, அக்கா" என்றாள். அடுத்த நாள் அவள் கூப்பிட முதலே போனேன்.

ஆனியில் அவனுடைய கால் என் தலைக்கு மேலே எட்டித் தொடுகிற உயரத்துக்கு வந்துவிட்டது. ஊர் அப்போதுதான் கணக்குப் பார்த்தது. அவன் நிலத்தில் நின்றால் செழியன் கட்டிக்கொண்டு போய்விடுவான். தங்கள் ஆள் தொங்காத ஊருக்குப் பொம்மர் வரும். அடைக்கலம் என்று வந்து அடைந்து கிடக்கிற இவ்வளவு சனமும் ஒரே இடத்தில். தேவாலய முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். குடைக்குக் கீழே நெருப்பு மூட்டினால் சூட்டுக்கு எழும்புவான் என்றார் ஒருவர். குடையைப் பனையில் கட்டுவோம் என்றார் இன்னொருவர். அப்போது மாஸ்ரர் எழும்பி, தொண்டையைச் செருமி, எங்கள் ஊர்ச் சனத்துக்கு மட்டும் தோன்றக்கூடிய ஒரு யோசனையைச் சொன்னார்.

"அவரை மேல தூக்க எங்களால ஏலாது. ஆனா நிலத்தைக் கீழ இறக்க ஏலும். நாங்கள் பங்கர் வெட்டிற சனம். வெட்டுவம். அவர் ஒரு சாண் இறங்கினா நாங்கள் ரெண்டு சாண் வெட்டுவம்."

கை தட்டினார்கள். பிறகுதான் வளவு யாருடையது என்று ஞாபகம் வந்து எல்லாரும் திரும்பினார்கள். மாஸ்ரர் மலருக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பிள்ளை, அந்தக் கிடங்கு உனக்கு என்னெண்டு எனக்குத் தெரியும். நான் கேக்கக்கூடாது. இந்தச் சனத்தைப் பார்த்து..."

"மாஸ்ரர், கனக்கக் கதைக்காதேங்கோ" என்றாள் மலர். "கால் வைச்சானெண்டா செழியன் கொண்டுபோயிடுவான். வைக்காதமட்டும் அவன் என்னட்டத்தான் நிப்பான். நான்தான் முதல் மண் வெட்டுவன்."

அவளே வெட்டினாள். ஜெசிந்தா நின்ற இடத்தில் முதல் வெட்டு. பிறகு ஊர் இறங்கியது, வந்த சனம் இறங்கியது, செழியனின் பெடியள் தோளில் கிடந்த துவக்கை மரத்தில் சாத்திவிட்டு அலவாங்கோடு இறங்கினார்கள். மேலே மணல், அதற்குக் கீழே செம்மண், அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லு. பிக்கானால் கொத்திக் கடகத்தில் அள்ளிக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொட்ட, கிடங்கைச் சுற்றி மண்மேடு வளர்ந்தது. ஆண்கள் வெட்டப் பொம்பிளையள் அள்ளினோம், அள்ளும்போது பாட்டில்லை பகிடியில்லை, அவனுடைய சப்பாத்துக் கால் எங்கள் தலைக்கு மேலே கடிகாரக் குண்டு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் தனக்காகத்தான் வெட்டுகிறோம் என்று நினைத்தோ என்னவோ, ஒருநாள் அவன் 'தாங்ஸ்' என்றான். அன்றைக்கு மலரைத் தவிர எல்லாரும் ஒரு நிமிஷம் கை ஓய்ந்து நின்றோம்.

இப்படி அவன் நிலமட்டத்தைக் கடந்தான். கடந்தபோது ஒரு சில நாள் அவனுடைய முகமும் மேலே விளிம்பில் இருந்த மலரின் முகமும் ஒரே உயரத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றன. தாடி வளர்ந்து, உதடு வெடித்து, மூக்குத் தோல் உரிந்த முகம். அவன் கண்ணை மூடுவான். அவள், "திறக்கச் சொல்லுங்கோ அக்கா" என்பாள். திறப்பான். அவள் அந்தக் கண்ணுக்குள் பார்ப்பாள், இருட்டறைக்குள் விழுந்த சாமானைத் தேடுகிற மாதிரி இந்தக் கண்ணுக்குள்ளும் அந்தக் கண்ணுக்குள்ளும் மாறி மாறிப் பார்ப்பாள். "உதுக்குள்ளதான் அவள் கடைசியா நிண்டவள்" என்று ஒருதரம் எனக்குச் சொன்னாள். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று அவன் கேட்டான். சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொங்கினான், ஆனால் கயிறு அவனை மெதுவாகச் சுற்றித் திரும்பவும் அவளிடமே கொண்டுவந்து விட்டது.

குடை விளிம்பில் சிக்கி அவன் ஒருபக்கம் சரிந்தபோது கிடங்கை அகலமாக்கினோம், குடையும் சேர்ந்து உள்ளே இறங்கட்டும் என்று. அந்தக் குடை அப்போது வெள்ளையும் இல்லை. ஒரு மாரியின் பாசியும் காகத்தின் எச்சமும் எங்கள் செம்மண்ணும் பூசிப் பழைய சாக்கு நிறம். ஒருநாள் காலை அதன் உச்சியும் நிலத்துக்குக் கீழே போனது. ஊர் சந்தோஷப்பட்டது, இனிக் காற்றுக்கும் ஆடமாட்டார் என்றது. மேலே இருந்து பார்க்கிறவனிடம் இருந்து எங்களைக் காத்தது அந்தக் குடைதான், அதை எங்கள் கையாலேயே மண்ணுக்குள் தாழ்த்திவிட்டோம் என்று, தடியும் நூலுமாகத் திரிந்த மாஸ்ரர் உட்பட, ஒரு குருவிக்கும் தோன்றவில்லை.

பிறகு தண்ணீர் வந்தது. முதலில் நல்ல தண்ணீர், இரண்டு நாளில் உவர். இறைக்க இறைக்க ஊறியது. இடுப்பளவு தண்ணீருக்குள் நின்று வெட்ட முடியாது, வெட்டினாலும் பிரயோசனம் இல்லை. அவனுடைய சப்பாத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது, பிறகு நாலு விரல் இருந்தது.

அன்று காலை நான் கிடங்குக்குள் வெட்டின படியில் நின்று அவளுடைய கேள்வியை வழக்கம்போல இங்கிலீசாக்கிக்கொண்டிருந்தேன். நாய்கள் ஊளையிட்டன. அவன்தான் முதலில் தலையை உயர்த்தினான். அவ்வளவு மாதமும் எங்களைக் கீழே பார்த்துக்கொண்டிருந்தவன் முதல்தரம் கீழே இருந்து மேலே பார்த்தான். பொம்மர் இரைகிற சத்தத்துக்கு எங்கள் முகம் எப்படிப் போகுமோ அவனுடைய முகமும் அப்படியே போனது. சனம் நாலு பக்கத்தாலும் ஓடிவந்து கிடங்குக்குள் குதித்தது, ஊரில் அதைவிடப் பெரிய பங்கர் வேறு இல்லையே. பிள்ளைகள் தண்ணீருக்குள், கிழவிகள் பிள்ளைகளுக்கு மேலே. மேலே இரண்டு பொம்மர். ஒன்று சரிந்து வரத் தொடங்கிவிட்டது.

"வெள்ளை!" என்று அவன் கத்தினான். "வெள்ளைத் துணி! மண்மேட்டில் விரியுங்கள்! ஒரு வட்டம், நடுவே ஒரு கோடு, அது எங்கள் ஆட்களுக்குத் தெரியும்! சீக்கிரம்! அங்கிருந்து பார்த்தால் வெள்ளைதான் தெரியும், வேறு எதுவும் இல்லாவிட்டாலும் வெள்ளை தெரியும், ஒரு கைக்குட்டை என்றாலும் தெரியும்!"

நான் அதை அப்படியே தமிழில் கத்தினேன், ஒரு சொல் விடாமல். கத்தி முடித்த பிறகுதான் என்ன கத்தினேன் என்று எனக்குக் கேட்டது. சனத்துக்கு அது கேட்கவில்லை. செழியனும் மாஸ்ரரும் பொம்பிளையளும் ஏறி ஓடிக் கொடிகளை அறுத்தார்கள், வேட்டியும் பள்ளிக்கூடச் சட்டையும் பீடத்துச் சீலையும் முதல்நன்மை உடுப்புமாக அள்ளிக்கொண்டுவந்து மண்மேட்டில் எறிந்து இழுத்து வட்டமாக்கிக் கோடு போட்டு, அதற்கு மேலேயே குப்புற விழுந்தார்கள். மலர் அசையவில்லை. தண்ணீருக்குள் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொம்மர் பதிந்து வந்தது. மரங்களின் தலை படுத்தது. பிறகு ஒரு செட்டையைச் சரித்து, பார்த்து, எழும்பிப் போனது. மற்றது தாழ வரவேயில்லை. அன்று கண்ணாப்பிட்டியில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. மேலே ஏறின சனம் அழுது சிரித்து ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்தது, மாஸ்ரரைத் தூக்கினார்கள், பாதர் மணியடிக்கச் சொன்னார். பொம்மர்காரருக்கு வடிவாகத் தெரிந்திருந்தது. எவ்வளவு உயரத்தில் இருந்தும், எவ்வளவு வேகத்திலும், ஒரு பீடச்சீலை எது, பள்ளிக்கூடச் சட்டை எது என்று பார்க்கிற அளவுக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் உயிரோடு இருந்ததுதான் அதற்குச் சாட்சி.

கிடங்குக்குள் நானும் மலரும் அவனும் மிஞ்சினோம். அவனுடைய சப்பாத்து தண்ணீரைத் தொட்டது, பிறகு இவ்வளவு மாதமும் இல்லாத கெதியில் இறங்கியது, பிறகு அடிநிலத்தில் நின்றது. குடை மடங்கி அவனுக்குப் பின்னால் தண்ணீரில் படுத்தது. செழியனின் பெடியன் ஒருத்தன் கயிற்றோடு படியில் இறங்கத் தொடங்கினான், மலர் திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினாள், அவன் நின்ற படியிலேயே நின்றான்.

"கேளுங்கோ அக்கா" என்றாள்.

நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. அவனுக்கு அந்தத் தமிழ் வசனம் இவ்வளவு மாதத்தில் பாடமாகியிருந்தது. தன் பாஷையில் ஏதோ தொடங்கி, விட்டுவிட்டு, இங்கிலீசில் மெதுவாகச் சொன்னான், நான் துண்டு துண்டாகத் தமிழில் சொன்னேன்.

"சட்டையைக் கொடியில இருந்து எடுத்திட்டாளாம்... எடுத்துக்கொண்டு ஓடேல்லையாம்... சட்டைக் கழுத்தை நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவில பிடிச்சுக்கொண்டு சட்டைக் கையை உள்ளுக்க விட்டு மடிச்சவளாம்... அது சரியா வரேல்லை எண்டு உதறிப்போட்டுத் திரும்பவும் மடிச்சவளாம்... மடிச்சுக் கையில வைச்சுக்கொண்டுதான் மேல பாத்தவளாம்."

அதற்குள் தன்னுடைய கையில் ஒன்றும் இல்லை, குண்டை விட்டது விட்டாயிற்று என்றும் சொன்னான். அதை நான் மலருக்குச் சொல்லவில்லை.

கொன்வென்ரில் எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். ஜெசிந்தாவுக்கும் நான் படித்த அதே பள்ளிக்கூடம், அதே சிஸ்டர்மார். கசங்கின சட்டையோடு போனால் வெளியே நிற்க வேண்டும். நாடியால் பிடித்து, கையை உள்ளே விட்டு, முடிச்சவிழ்ந்த மூட்டை மாதிரி இல்லாமல். உலகம் அழிந்தாலும் மடித்துத்தான் எடுக்க வேண்டும்.

மலர் அடிப்பாள் என்று நினைத்தேன், அவனும் அப்படித்தான் நினைத்து முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அவள் அவனுக்கு அருகே போய், நிமிர்ந்து, அந்தக் கண்ணுக்குள் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போகிற பிள்ளையைப் பேசுகிற குரலில் பேசினாள்.

"விசரி. உன்னை ஆரடி அப்ப மடிக்கச் சொன்னது."